வெள்ளை மாத்திரை முன்னாலா, பின்னாலா?

மார்ச் 4

வார்டன் அம்மாவுக்கு,

ஃபோனை எடுப்பதில்லை என்று தீர்மானமாக இருக்கிறாய். சரி. உன் சித்தி மகளிடம் கெஞ்சிக் கூத்தாடி விடுதி விலாசத்தை வாங்கினேன். அவள்மேல் பாயாதே. மருந்து விஷயம் என்று சொன்னதால்தான் கொடுத்தாள்.

மருந்து விஷயம்தான். அந்த வெள்ளை மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா? மஞ்சளாக ஒன்று இருக்கிறதே, அது எதற்கு? பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் அட்டை அட்டையாகக் கிடக்கிறது. எழுத்தெல்லாம் கடுகு கடுகாக இருக்கிறது, என் கண்ணாடிக்குப் பிடிபடவில்லை. பன்னிரண்டு வருஷமாக விழுங்குகிறேன், ஒன்றின் பெயர்கூடத் தெரியவில்லை. நீ டீ டம்ளருக்குப் பக்கத்தில் ஒரு மூடியில் எடுத்து வைப்பாய். நான் வாயில் போட்டுக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்புவேன். அவ்வளவுதானே எனக்குத் தெரியும்?

அடுத்த மாதம் டிப்போவில் மருத்துவச் சோதனை இருக்கிறது. அதனால் கேட்கிறேன். மற்றபடி வீட்டில் ஒரு குறையும் இல்லை. குளியலறைக் குழாய் மட்டும் சொட்டுகிறது. நீ இருந்தபோதும் சொட்டியதா? நான் கவனித்ததில்லை.

அன்றைக்குச் சொன்னது விளையாட்டுக்குச் சொன்னது. நாலு பேர் கூடிய இடத்தில் சிரிக்க ஒரு வார்த்தை. அதற்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பி, இந்த வயதில் பெண்கள் விடுதியில் போய் வார்டனாக வேலைக்குச் சேருவார்களா? டிப்போவில் கேட்கிறவர்களுக்கெல்லாம் ‘சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்கா’ என்று சொல்லிவைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்குச் சொல்வது?

வேறு எதற்கும் பதில் வேண்டாம். வெள்ளையைப் பற்றி மட்டுமாவது எழுது.

டிரைவர்


மார்ச் 11

டிரைவருக்கு,

மஞ்சள் மாத்திரை சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால். அதைப் போட்டால் கட்டாயம் சாப்பிட வேண்டும். சாப்பாடு கிடைக்காது என்று தெரிந்தால் அதைத் தொடவே கூடாது. வெள்ளை, சாப்பிட்ட கையோடு, காலையும் இரவும். சின்ன ரோஸ் மாத்திரை இரத்த அழுத்தத்துக்கு, காலையில் மட்டும்.

இதை நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நீங்கள் முகத்துக்கு முன்னாலிருந்து பேப்பரை இறக்கியதில்லை.

அந்த ‘ஒரு வார்த்தை’ என்ன என்று நீங்கள் எழுதவில்லை. தாண்டிப் போய்விட்டீர்கள். நான் எழுதுகிறேன். உங்கள் ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் ஓய்வுபெற்ற விருந்து. இரண்டாவது துண்டு கேக்கை உங்கள் தட்டில் வைத்தார்கள். நான் தட்டை வாங்கி ஓரமாக வைத்தேன். நீங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, ‘எனக்கு வந்த வியாதி சர்க்கரை இல்லப்பா, இவதான்’ என்றீர்கள். மேசையே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்தத் தட்டைச் சமையலறைக்குக் கொண்டுபோனேன். அங்கே போய் நின்ற பிறகுதான், நானும் சேர்ந்து சிரித்தது உறைத்தது.

நீங்கள் சொன்னதைக்கூட மறந்துவிடலாம். நான் சிரித்ததை என்னால் மறக்க முடியவில்லை.

இப்போது வியாதி வீட்டைவிட்டுப் போய்விட்டது. நன்றாக இருங்கள். மருந்தைத் தவிர வேறு எதற்கும் எழுத வேண்டாம்.

வார்டன்


மார்ச் 27

வார்டன் அம்மாவுக்கு,

நீ எழுதியபடியே நடக்கிறது. மஞ்சள் முன்னால், வெள்ளை பின்னால். பள்ளிக்கூடப் பையன் மாதிரி மனப்பாடம். வேளை தவறுவதில்லை. கவலைப்படாதே என்று எழுத வந்தேன். நீ எதற்குக் கவலைப்படப் போகிறாய்?

சாப்பாட்டுக்கும் பிரச்சினை இல்லை. வரும் வழியில் ரொட்டி வாங்கிவிடுகிறேன். முட்டை அவிக்கக் கற்றுக்கொண்டேன். அடுப்புப் பக்கத்திலேயே நின்று சாப்பிட்டு முடித்துவிடுகிறேன். ஒரு தட்டுக்கு எதற்கு மேசை?

உடம்பு இறங்கியிருக்கிறது. ‘அண்ணே, இளைச்சுட்டீங்களே, வயசு பத்து குறைஞ்ச மாதிரி இருக்கு’ என்கிறான் கண்டக்டர். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. தண்ணீர்தான் நிறையப் போகிறது, வெயில் அப்படி. பாட்டில் போதாமல் கேனே வைத்திருக்கிறேன் வண்டியில்.

மருந்தைத் தவிர வேறு எழுதாதே என்றாய். மேலே உள்ளதெல்லாம் மருந்துக் கணக்கில் சேர்த்துக்கொள்.

டிரைவர்


ஏப்ரல் 6

டிரைவருக்கு,

பொய் சொல்வதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். டப்பாவில் நான் விட்டுவந்தது இரண்டு வாரத்துக்குத்தான் வரும். தீர்ந்துவிட்டது, எந்தக் கடையில் வாங்குவது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இளைத்துவிட்டீர்கள், கேன் கேனாகத் தண்ணீர் குடிக்கிறீர்கள். இதைப் பெருமையாக வேறு எழுதியிருக்கிறீர்கள். சர்க்கரை ஏறிக் கிடக்கிறது. வெயில்மேல் பழி போடாதீர்கள்.

உங்களை எனக்குத் தெரியாதா? சோதனைக்கு முந்தின வாரம் மட்டும் சாமியார் மாதிரி இருப்பீர்கள். மாத்திரை, நடை, பாகற்காய்ச் சாறு. டிப்போ டாக்டர் ‘பரவாயில்லையே’ என்பார். அந்தச் சந்தோஷத்தில் வரும் வழியிலேயே அரைக் கிலோ இனிப்பு வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

இங்கே கீழ்த்தளத்தில் ஒருத்தி இருக்கிறாள். வங்கியில் வேலை, நாற்பது வயதிருக்கும். சின்ன வயதிலிருந்தே ஊசி போட்டுக்கொள்கிறவள். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போதே சட்டை ஓரத்தைத் தூக்கிக் குத்திக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கிறாள். முதல் நாள் நான் எழுந்து தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். ‘எதுக்கு வார்டன்?’ என்றாள். எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை. யாருக்கோ எடுத்துக்கொண்டு ஓடிப் பழகிய கால்.

அவளுக்கு நினைவூட்ட ஒரு ஆள் இல்லை. அவள் பாட்டுக்கு இருக்கிறாள். ஐம்பத்தைந்து வயதில் உங்களால் முடியாதா?

உங்கள் உடம்பு, உங்கள் இஷ்டம். ஆனால் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் நிறைய ஜனம் உட்கார்ந்திருக்கிறது. அவர்கள் யாரும் உங்களைக் கட்டிக்கொண்டவர்கள் இல்லை.

வார்டன்


ஏப்ரல் 22
ஆண்கள் வார்டு, பொது மருத்துவமனை

உனக்கு,

பதறாதே. நானே எழுதுகிறேன் என்றால் கை கால் ஒழுங்காக இருக்கிறது என்றுதானே அர்த்தம். பஸ்ஸில் யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இதை முதல் வரியிலேயே எழுதச் சொன்னான் கண்டக்டர்.

உன் கடிதத்தைப் படித்ததும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாளே கடைக்குப் போய் மூன்று நிறத்திலும் வாங்கிவிட்டேன். அதற்கு மறுநாள் காலை டியூட்டி. விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி மஞ்சளில் இரண்டாக விழுங்கினேன். டிப்போ கேன்டீனில் ரொட்டி சாப்பிட்டுவிட்டு வண்டியை எடுக்கலாம் என்று கணக்கு. உள்ளே நுழைந்ததும் டைம்கீப்பர், ‘முன்னாடி வண்டி பிரேக்டவுன்பா, நீ உடனே எடு, ஸ்டாண்டுல ஜனம் கத்துது’ என்றார். எடுத்தேன். மஞ்சளைப் போட்டால் கட்டாயம் சாப்பிட வேண்டும் என்று நீ எழுதியது ஞாபகம் இருந்தது. அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவன்தானே நான்?

பாலத்தைத் தாண்டும்போது சட்டை நனைந்துவிட்டது. கை நடுங்கியது. பசி என்றால் சாதாரணப் பசி இல்லை, ஸ்டீயரிங்கைக் கடித்துத் தின்றுவிடலாம் போல. பிறகு பசியும் போய்விட்டது. சாலையின் வெள்ளைக் கோடு இரண்டாகப் பிரிந்தது. எது என்னுடைய பக்கம் என்று தெரியவில்லை. பின்னால் யாரோ கத்துவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல இருந்தது. பிரேக் எங்கே இருக்கிறது என்று என் காலுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. வண்டி புல் ஓரத்தில் இறங்கி நின்றது.

‘அண்ணே, என்னாச்சு? அண்ணே!’ என்று கண்டக்டர் உலுக்கியிருக்கிறான். ‘சாப்பிடல’ என்று மட்டும் சொன்னேனாம். முன்சீட்டில் இருந்த ஒரு அம்மா, தன் குழந்தைக்காக வைத்திருந்த ஜூஸை என் வாயில் ஊற்றினாள். கண் தெளிந்தபோது முதலில் பார்த்தது அந்தக் குழந்தையைத்தான். ‘என் ஜூஸு’ என்று அழுதுகொண்டிருந்தது. ஒரு பஸ் ஜனத்தைச் சாகடிக்கப் பார்த்தவனிடம் அது கேட்டது ஜூஸை மட்டும்தான்.

அன்றைக்கு மட்டும்தான் சர்க்கரை தரையில் கிடந்ததாம். மொத்தமாக எடுத்துப் பார்த்தால் கூரையில் இருக்கிறதாம். மாத்திரை இனிப் போதாது, ஊசிதான் என்கிறார்கள். ஊசி என்றால் எங்கள் டிப்போவில் ஸ்டீயரிங் கிடையாது. ஏற்கெனவே இரண்டு பேரை அப்படி இறக்கிவிட்டார்கள். அந்தப் பயத்திலேயே இத்தனை வருஷம் டாக்டரிடம் வாயைத் திறக்காமல் ஓட்டினேன். வாயைத் திறக்காததால்தான் இப்போது இறங்கியிருக்கிறேன்.

‘ஏன் போடலை?’ என்று கேட்டார் டாக்டர். சின்ன வயசுப் பெண். திட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ‘மறந்துட்டேம்மா’ என்றேன். உனக்குச் சொல்கிறேன். வெள்ளையைப் போட்டால் எனக்கு வயிறு கலக்கும். ஐம்பது பேரை உட்கார வைத்துவிட்டு டிரைவர் புதருக்குப் பின்னால் ஓட முடியுமா? மஞ்சள் நடுவழியில் பசியைக் கிளப்பும். போடாத நாளில் ஒன்றும் செய்யாது. வலிக்காது, காய்ச்சல் வராது. போட்டால்தான் நோயாளி மாதிரி இருக்கும், போடாவிட்டால் சௌக்கியம்.

ஆனால் இதெல்லாம் நீ இருந்தபோதும் இருந்ததுதான். இருந்தும் பாதி நாளாவது போட்டேன். நீ போன மறுநாள் காலையில் அந்த மூடியை எடுத்து, நானே மாத்திரையைப் போட்டு, நானே டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், யாரோ எனக்காக எடுத்து வைத்த மாதிரியே இருந்தது. ஒரு நொடி ஏமாந்துவிட்டேன். சமையலறைப் பக்கம் திரும்பிக் கூப்பிடக்கூடச் செய்தேன். அதற்குப் பிறகு அந்த மூடியின் பக்கமே போகவில்லை.

இதை அந்த டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

நான்


ஏப்ரல் 29
ஆண்கள் வார்டு

உனக்கு,

பக்கத்துக் கட்டில்காரர் சொல்கிறார்: ‘நேத்து நீங்க தூங்கும்போது ஒரு அம்மா வந்தாங்க. ரொம்ப நேரம் ஸ்டூல்ல உக்காந்திருந்தாங்க. எழுப்பட்டுமான்னு கேட்டேன், வேண்டாம்னுட்டாங்க.’

பச்சைப் புடவையா என்று கேட்டேன். அவருக்குக் கண்புரை, நிறம் தெரியாதாம்.

வந்தாயா?


மே 5

டிரைவருக்கு,

வந்தேன்.

வீட்டுக்குப் போகவில்லை, நேராக மருத்துவமனைக்குத்தான். உங்கள் கால் போர்வைக்கு வெளியே நீட்டியிருந்தது. குனிந்து உள்ளங்காலைப் பார்த்தேன். புண் எதுவும் இல்லை. குதிகால் வெடித்திருக்கிறது, எண்ணெய் தடவவும். அதை எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன், கை எழுதிவிட்டது.

எழுப்பாமல் வந்தது கல்மனசு என்று நினைக்க வேண்டாம். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வந்து, ‘நீங்க அவர் வீட்டுக்காரம்மாவா? நல்லவேளை. வாங்க, ஊசி போடுறது எப்படின்னு காட்டுறேன்’ என்றாள். ‘எனக்கெதுக்கு? அவருக்குக் காட்டுங்க’ என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ‘அவருக்கென்னங்க தெரியும், ஆம்பளைங்க’ என்றாள். டிரே அவள் கையில் இருந்தது. என் கை நீண்டுவிட்டது. இன்னும் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தால் கற்றுக்கொண்டிருப்பேன். கற்றுக்கொண்டிருந்தால் அன்று மாலையே பெட்டியோடு வந்திருப்பேன். உங்கள் வயிற்றில் தினமும் நான் குத்த, நீங்கள் பேப்பர் படிக்க, எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். அதனால்தான் எழுந்தேன்.

மூடியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்தேன். எனக்கும் இங்கே வந்த புதிதில் காலையில் இரண்டு டம்ளர் எடுக்கும் பழக்கம் இருந்தது.

அந்த டாக்டரிடம் வயிறு கலக்குவதைச் சொல்லுங்கள். அதற்கு வேறு மாதிரி மாத்திரை இருக்கும், கேட்டால்தானே கொடுப்பார்கள். புடவை பச்சை இல்லை, சாம்பல்.

வார்டன்


ஜூன் 18

உனக்கு,

டிப்போவில் வண்டி கழுவும் இடத்துக்கு மேற்பார்வையாளர் என்று போட்டிருக்கிறார்கள். பேர்தான் பெரிது. வண்டிகள் வரும், தண்ணீர் பீய்ச்சுவார்கள், போகும். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். என் வண்டி கடைசியில் வரும். அதை இப்போது ஓட்டுகிறவன் இரண்டாவது கியரை உறுமவிட்டு எடுக்கிறான். எனக்கு நெஞ்சில் யாரோ மிதிக்கிற மாதிரி இருக்கும். முதல் வாரம் எல்லோரும் வந்து, ‘எப்படி இருக்கீங்கண்ணே’ என்று கேட்டார்கள். இப்போது டிரைவர்கள் என் பக்கம் வருவதில்லை. என்னைப் பார்த்தால் அவரவர் சர்க்கரை அவரவருக்கு ஞாபகம் வருகிறதோ என்னவோ. பாதிப் பேருக்கு இருக்கிறது. யாரும் சொல்வதில்லை.

ஊசி நானே போடுகிறேன். நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பேனா மாதிரிதான் இருக்கிறது. வீட்டுக்கு வந்த முதல் நாள் மேசையில் உட்கார்ந்து, சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய வண்டியையும் திருப்புகிற கை, ஒரு மயிரிழை ஊசியின் உறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தது. வெட்கமாக இருந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதே பாதி வெட்கத்துக்குக் காரணம். யாராவது பக்கத்தில் இருந்தால் வீராப்பாகக் குத்திக்கொண்டிருப்பேன். கடைசியில் உன் வங்கிக்காரி மாதிரி ஏதாவது பேசிக்கொண்டே குத்தலாம் என்று பார்த்தேன். யாரோடு பேசுவது? என் பழைய ரூட்டைச் சத்தமாகச் சொன்னேன். ஸ்டாண்டு, மார்க்கெட், பாலம், மில்லு, ரயில்வே கேட். கேட் என்றதும் குத்தினேன். வலிக்கவே இல்லை. ஒரு கொசு அளவு.

தினமும் ரூட் சொல்லித்தான் போடுகிறேன். சில நாள் விட்டுப்போகிறது. பொய் சொல்லவில்லை பார்.

வெள்ளைக்குப் பதில் வேறு வெள்ளை கொடுத்தார்கள். வயிறு பரவாயில்லை. உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். ஊசிக்கு மேசை வேண்டியிருக்கிறது, சாப்பாடும் அங்கேயே வந்துவிட்டது.

நான்


ஜூலை 20

உனக்கு,

கடிதம் கிடைத்ததா? பதில் வரவில்லை. நான் மருந்தைத் தாண்டி நிறைய எழுதிவிட்டேனோ?

ஒரு வரி போதும். நலம் என்று.


ஆகஸ்ட் 9

உங்களுக்கு,

நலம் என்று எழுத மூன்று முறை உட்கார்ந்தேன்.

மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வங்கிக்காரி விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துக்கொண்டிருந்தாள். ‘வாங்க வார்டன், உங்களுக்கும் பாத்துடலாம்’ என்றாள். சுற்றி நாலைந்து பெண்கள். விளையாட்டாக விரலை நீட்டினேன். எண்ணைப் பார்த்ததும் அவள் மெஷினைச் சட்டென்று கவிழ்த்துவிட்டாள். ‘பேட்டரி போயிடுச்சு’ என்று மற்றவர்களிடம் சொன்னாள். நல்லவள். மறுநாள் தனியாக டாக்டரிடம் போனேன். எனக்கும் வந்துவிட்டது. அந்தப் பழைய வெள்ளை மாத்திரைதான் எழுதிக் கொடுத்தார். எப்போது போடணும் என்று விளக்க ஆரம்பித்தார். ‘சாப்பிட்ட கையோட, தெரியும் டாக்டர்’ என்றேன்.

அட்டையைக் கொண்டுவந்து மேசை டிராயரில் வைத்தேன். வைத்தது வைத்தபடி இருக்கிறது.

எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. கண்ணுக்கு என்ன செய்யும், சிறுநீரகத்துக்கு என்ன செய்யும், காலை எப்படி அரிக்கும் என்று உங்களுக்கே பாடம் எடுத்தவள் நான். மறதியும் இல்லை. ஒவ்வொரு வேளையும் ஞாபகம் வருகிறது. பகலெல்லாம் இங்கே யாருக்குக் காய்ச்சல், யார் சாப்பிடாமல் படுத்துவிட்டாள், யார் வீட்டிலிருந்து ஃபோன் வந்து அழுகிறாள் என்று மாடி ஏறி இறங்குகிறேன். அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டால், டிராயர் வரைக்கும் கை போகவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துவர வேண்டும், அவ்வளவுதான். அடுத்தவருக்கென்றால் ஓடுவேன். எனக்கென்று எடுக்க எழுந்தால், இவ்வளவு மெனக்கெட்டு யாருக்காக என்று தோன்றுகிறது. உட்கார்ந்துவிடுகிறேன்.

யாரிடமும் சொல்லவில்லை. வங்கிக்காரிக்குத் தெரியும், அவள் கேட்பதில்லை. பெண்களுக்குத் தெரிந்தால் நாளை முதல் சாப்பாட்டு மேசையில் எல்லோரும் என் தட்டைத்தான் பார்ப்பார்கள். இன்னொரு கரண்டி வைத்துக்கொண்டால் கண்ணால் எண்ணுவார்கள். அது எப்படி இருக்கும் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.

நான் உங்களுக்குச் செய்தது தப்பு என்று எழுத மாட்டேன். அது தப்பில்லை. நீங்கள் இன்று கண்ணோடும் காலோடும் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் நீங்கள் ஏன் போடவில்லை என்பதை மருத்துவமனையிலிருந்து எழுதியபோது, அதை நான் ஒரு சாக்கு என்றுதான் படித்தேன். நல்ல சாக்கு, மனசைத் தொடுகிற சாக்கு, அவ்வளவுதான் என்று. இப்போது அந்தக் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன்.

இதை வேறு யாரிடம் சொன்னாலும் ‘உங்களுக்குத் தெரியாததா’ என்பார்கள். நீங்கள் ஒருவர்தான் அப்படிச் சொல்ல மாட்டீர்கள்.


ஆகஸ்ட் 15

உனக்கு,

எழுதினேன், கிழித்தேன். மறுபடி எழுதினேன், கிழித்தேன். முதலில் எழுதியது முழுக்க வசவு. அறிவிருக்கா, உடனே போடு, டாக்டர் என்ன சொன்னார், எண் எவ்வளவு, என்ன சாப்பிடுகிறாய். படித்துப் பார்த்தேன். உன் கையெழுத்து மட்டும்தான் அதில் இல்லை, மற்றபடி எல்லாம் நீ எனக்குச் சொன்னது. இரண்டாவது கடிதத்தில் கெஞ்சியிருந்தேன். அது இன்னும் மோசம்.

வண்டி கழுவுகிற இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது, இந்நேரம் சாப்பிட்டு முடித்திருப்பாள், போட்டிருப்பாளா என்று நினைப்பு ஓடுகிறது. கேட்கவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது. பன்னிரண்டு வருஷம் இதைத் தினமும் மூன்று வேளை செய்துகொண்டா சமைத்தாய், துவைத்தாய், என்னோடு விருந்துக்கும் வந்தாய்? எனக்கு நாலு நாளிலேயே மண்டை காய்கிறது. அன்றைக்கு அந்த மேசையில் நான் பேசியது விளையாட்டு என்று இனிமேல் சொல்ல மாட்டேன்.

ஒன்று கேட்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? விடுதியில் ஆண்களுக்குப் பார்வையாளர் அறை வரைதான் அனுமதி என்று தெரியும். அதுவரைக்கும்தான். சேர்ந்து உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு மாலை வண்டியில் திரும்பிவிடுகிறேன். திரும்பி வா என்று கூப்பிட வரவில்லை. போட்டாயா என்று கேட்கவும் மாட்டேன். மறந்து கேட்டுவிட்டால் நீ பாட்டுக்கு எழுந்து மாடிக்குப் போய்விடு, நான் கோபப்பட மாட்டேன்.

வேண்டாம் என்றாலும் எழுது.

நான்


செப்டம்பர் 3

உங்களுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? பயணியாகப் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தது முதல் தடவை, வழி முழுக்க இல்லாத பிரேக்கைக் கால் மிதித்துக்கொண்டே வந்தது என்று சொன்னீர்களே, அதை வங்கிக்காரியிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது அவளுக்கு. ‘வார்டனைப் பாக்க ஆள் வந்திருக்கு’ என்று மாடிப்படி முழுக்கத் தலைகள் எட்டிப் பார்த்தது உங்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கும். இங்கே ஞாயிற்றுக்கிழமையில் வேறு பொழுதுபோக்கு கிடையாது.

என்னைப் பற்றி: நீங்கள் போன அன்று மாலை டிராயரைத் திறந்தேன். போட்டேன். மறுநாளும் போட்டேன். அதற்கடுத்த நாள் போடவில்லை. நேற்று போட்டேன். இன்றைய வேளை இன்னும் இருக்கிறது. சரியாகிவிட்டேன் என்றெல்லாம் எழுத மாட்டேன். உங்கள் ரூட் மாதிரி எனக்கு எதுவும் இல்லை. அறைகளின் எண்ணைச் சொல்லிப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது.

இந்த அறை ராத்திரியில் பழையபடிதான் இருக்கிறது. அதை மாற்றுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாது. உங்கள் வீடும் அப்படித்தான் இருக்கும் என்று தெரியும். ஆனாலும் நான் இப்போதைக்கு இங்கேதான். அடுத்த மாதமும் வரலாம். மூன்றாவது ஞாயிறு என்றால் கூட்டம் குறைவாக இருக்கும்.

பேச்சு நடுவில் ஒருமுறை ‘நீ...’ என்று ஆரம்பித்து, வாயை மூடிக்கொண்டு, ‘நீ இன்னும் கொஞ்சம் காய் வெச்சுக்கிறியா?’ என்று முடித்தீர்கள். கேட்க வந்தது அது இல்லை என்று எனக்குத் தெரியாதா?

ஆனால் நான் எழுத வந்தது வேறு. நான் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்ததும், நீங்கள் பையிலிருந்து ஊசியை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினீர்கள். என் கை மேசையை விட்டு எழுந்துவிட்டது. எவ்வளவு மருந்து வைக்கிறீர்கள், ஊசி புதிதா, போன முறை குத்திய இடத்திலேயே குத்துகிறீர்களா என்று பார்க்கக் கழுத்து தானாகத் திரும்பியது. நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். கொடியில் யாருடையதோ தலையணை உறைகள் காய்ந்துகொண்டிருந்தன. வராந்தாவில் பெண்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்ததால் பின்னால் எதுவும் கேட்கவில்லை. அவ்வளவு நேரம் உங்கள் பக்கம் பார்க்காமல் நான் நின்றதே இல்லை.

‘ம், ஆச்சு’ என்றீர்கள்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. சாப்பிட ஆரம்பித்தோம்.